நான்காம் மேடையில் நான் தட்டிய தட்டு

அனுப்புநர்:
வே. குணசேகரன்,
லோடுமேன் (பகல் ஷிப்டு),
பார்சல் கிடங்கு, மண்ணூர்பேட்டை.

பெறுநர்:
உயர்திரு போக்குவரத்து மேலாளர் அவர்கள்,
பார்சல் கிடங்கு, மண்ணூர்பேட்டை.

பொருள்: 14.11.2025 அன்று நடந்த டெலிவரி லாரி ஓட்டுநர் தேர்வில் திருமதி அ. மதிவதனி தோற்கக் காரணமான ஆள் மீது புகார் – மறுதேர்வு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். இந்தக் கிடங்கில் பத்தொன்பது வருடமாக லோடு ஏற்றி இறக்குகிறேன். நான் யார்மீது புகார் கொடுக்கிறேனோ அந்த ஆளின் பெயரை முதலிலேயே எழுதிவிடுகிறேன்: வே. குணசேகரன். அதாவது நான்தான். நிதானத்தோடுதான் எழுதுகிறேன் ஐயா. சந்தேகம் இருந்தால் வாயை ஊதிக் காட்டவும் தயார்.

2. மதிவதனி ஐந்து வருடமாகப் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலையில் இருப்பது தாங்கள் அறிந்ததே. டெலிவரி லாரி ஓட்ட ஆட்கள் வேண்டும், கிடங்கில் வேலை செய்பவர்களே தேர்வில் கலந்துகொள்ளலாம் என்று பலகையில் ஒட்டிய நாளிலிருந்து அந்தப் பெண் ஓர் இடத்தில் நிற்கவில்லை. லைசென்ஸ் ஏற்கெனவே கையில் இருந்தது. வண்டி எடுக்குமுன் சரிபார்க்க வேண்டிய பதினாறு விஷயங்களையும் வேலையோடு வேலையாக மனப்பாடம் செய்தார். பூந்தமல்லி பெட்டியை எடுக்கும்போது "டயர் காத்து", ஆவடி பெட்டியை எடுக்கும்போது "பிரேக் ஆயிலு" என்று வாய் ஓடிக்கொண்டே இருக்கும். எங்களுக்கே பாடமாகிவிட்டது. ஒருநாள் ஆவடி பெட்டி ஒன்று பூந்தமல்லிக்குப் போனது உண்மை. அதை அன்றைக்கே நான் போய்த் திருப்பி எடுத்து வந்துவிட்டேன். தயவுசெய்து அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

3. ரிவர்ஸ் மட்டும் அவருக்குப் பயமாக இருந்தது. பாரிவாக்கத்தில் என் மச்சானிடம் தண்ணீர் கேன் போடும் மினி லாரி உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வாங்கி, மனைக்கல் நட்ட காலி இடத்தில் பழகினோம். அவர் கணவர் அமல்ராஜ் பாடி ஊர்த் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து நேராக அங்கே வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிவார். நான் வண்டிக்குப் பின்னால் நின்று தட்டுவேன். ரெண்டு தட்டு என்றால் வரலாம், ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும். நம் தொழிற்பேட்டையில் எந்த லாரி பின்னால் வந்தாலும், டீ குடித்துக்கொண்டிருப்பவன்கூட கிளாஸை வைத்துவிட்டு ஓடிவந்து தட்டுவான். யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

4. நான்காவது ஞாயிறு, "அண்ணாத்தே, நீ போய் அந்தாண்ட குந்து. நானே பாத்துக்கிறேன்" என்று என்னை விரட்டிவிட்டார். எனக்குக் கோபம்தான். ஆனால் கண்ணாடியை மட்டும் பார்த்து ஆறு முறை எடுத்தார் ஐயா. ஆறு முறையும் கல்லுக்கு ஒரு சாண் இடைவெளியில் கொண்டுவந்து நிறுத்தினார். இது சத்தியம்.

5. தேர்வன்று நான் மூன்றாம் மேடையில் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். மதிவதனி நான்காம் மேடைக்கு வண்டியைப் பின்னால் எடுத்தார். தேர்வு அதிகாரி முன்பக்கம் நின்றிருந்தார். வண்டி நேராகத்தான் வந்தது. இன்னும் இரண்டடி பாக்கி. பாழாய்ப்போன கை என்னைக் கேட்காமலே பக்கத்தில் வந்த அவர் வண்டியின் மேல் டப்பென்று ஒரு தட்டுத் தட்டிவிட்டது. அவர் கால் பழக்கத்தில் பிரேக்கில் இறங்கியது. வண்டி குலுங்கி அணைந்துவிட்டது.

6. அதிகாரி, "யாராவது சத்தம் கொடுத்தாங்களா?" என்று கேட்டார். தேர்வு நடக்கும்போது குறுக்கிட்டால் மெமோ என்று பலகையில் எழுதியிருக்கிறது. போன வருடம் வாட்ச்மேனோடு சண்டை போட்டு ஒரு மெமோ வாங்கியவன் நான். இன்னொன்று வந்தால் வீட்டுக்குத்தான். மதிவதனி ஒரு நொடிகூட யோசிக்காமல், "இல்ல சார், என் கால்தான் தடுக்கிச்சு" என்றார். நான் மேடையில் மரம்போல் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அதிகாரி, "தயங்கி நிறுத்தினார். தனியாக ஓட்டும் துணிவு இல்லை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

7. சாயங்காலம் நான் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தபோது மதிவதனியே டீ வாங்கிக்கொண்டு வந்தார். "இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சினு கீற? நான் அடுத்த வருசம் ஓட்டுவேன். உனக்கு வேல பூட்ச்சின்னா அண்ணியாண்ட நீயா பதில் சொல்லுவ, நானா சொல்லுவேன்?" என்று சிரித்தார். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்வாளா தெரியாது. நான்கு நாள் பேசாமல் இருந்தேன். இனி முடியவில்லை.

8. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து,
அ) "துணிவு இல்லை" என்ற வரியை அவர் கோப்பிலிருந்து அடித்துவிட வேண்டும். துணிவு இல்லாதவன் எவன் என்று ஆறாம் பத்தியில் எழுதியிருக்கிறேன்.
ஆ) இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் ஆள் எடுத்துவிடுவீர்கள் என்கிறார்கள். அதற்குள் அவருக்கு மறுதேர்வு வைக்க வேண்டும்.
இ) என்மீது விதிப்படி என்ன உண்டோ அதைச் செய்யலாம். மெமோவில் உடனே கையெழுத்துப் போடுகிறேன்.

9. இந்த மனு கொடுப்பது மதிவதனிக்குத் தெரியாது. தெரிந்தால் பிடுங்கிக் கிழித்துவிடுவார். மறுதேர்வன்று மேடைப் பக்கம் ஒருவரையும் விடாதீர்கள். நானும் கிடங்குக்கு வர மாட்டேன். வந்தால் இந்தக் கை சும்மா இருக்காது. அவர் தனியாகவே வண்டியை மேடையில் கொண்டுவந்து சேர்ப்பார். அதைப் பார்க்க நான் அங்கே இருக்க முடியாது என்பது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

தங்கள் முடிவுக்குக் கட்டுப்பட்டவன்,

(ஒப்பம்)
வே. குணசேகரன்

இடம்: மண்ணூர்பேட்டை
நாள்: 18.11.2025