பாரிவாக்கத்து அடுப்படிச் சுவர்

ஆக. 5, செவ்வாய்
காலையிலிருந்தே மூட்டம். பாரிவாக்கத்தில் சர்வே வேலை. மனை செல்வம் சாருடையது. ஐ.டி. உத்தியோகம், வீடு கட்டப் போகிறார். எல்லை குறித்துத் தரவேண்டும். முக்காலியில் ஜி.பி.எஸ். பேஸ் கருவியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, அதை வைத்துப் புள்ளிகளை அளக்கும் ரோவர் கம்போடு நடந்தேன். மழைக்கு முன் முடிக்கும் அவசரம்.

பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்காவின் அடுப்படிச் சுவர் 62 செ.மீ. இந்த மனைக்குள். பத்து முறை அளந்தேன். பத்தும் ஒரு செ.மீ.க்குள் ஒத்துப்போயின. விரலளவுகூடத் தப்பாது என்று அக்காவிடம் பெருமையாகவே சொன்னேன். முறையாக அளந்துதான் கட்டினோம் என்றார் அக்கா. நான் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டுவிட்டு வந்தேன்.

வாங்க: தோசை மாவு, குடை (பழசு போயே போச்சு).

ஆக. 7, வியாழன்
சுள்ளென்று வெயில். மேனாம்பேடு. பேஸை நிறுத்தி, அது நிற்கும் சர்வே கல்லின் அளவெண்களைக் கருவியில் தட்டும்போது கை நின்றுவிட்டது. பாரிவாக்கத்தில் இதைத் தட்டினேனா?

சேக்காடு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஃபைலைத் திறந்தேன். தட்டவில்லை. நிற்கும் இடத்தைக் கருவியே தோராயமாக எடுத்துக்கொள்ளும் பட்டனை அமுக்கியிருக்கிறேன். பேஸின் இடம் தப்பினால் எல்லாப் புள்ளியும் அதே அளவு சேர்ந்தே நகரும். பத்தும் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? தெரிந்த இன்னொரு கல்லில் ஒரு தடவை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஐந்து நிமிட வேலை. சோற்றில் கை வைக்கப் பிடிக்கவில்லை.

ஆக. 8, வெள்ளி
காலையிலேயே செல்வம் சாருக்கு போன், தப்பாக அளந்துவிட்டேன் என்று. அக்காவிடம் மெஷின் கோளாறு என்று சொல்லிவிடுங்களேன் மேடம் என்றார். நல்ல மனுஷன், எனக்காகத்தான் சொன்னார். ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது.

பாரிவாக்கம் போனால் சுவரே இல்லை. நேற்றே அக்கா வீட்டுக்காரர் ஆள் வைத்து இடித்துவிட்டாராம், வீண் வம்பு எதற்கென்று. தார்ப்பாய்க்குக் கீழே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. 

இம்முறை இரண்டு கல்லில் சரிபார்த்துவிட்டு அளந்தேன். சுவரின் அடித்தளம் அக்கா மனைக்குள்ளேயே, எல்லையிலிருந்து எட்டு செ.மீ. உள்ளே. மெஷின் சரிதான், தப்பு என்னுடையது என்று அக்காவிடம் சொன்னேன். அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார்.

"அன்னிக்கும் இப்டித்தானே நிச்சயமா சொன்னே. இன்னிக்கு சொல்றத எப்டிமா நம்புறது?"

 கல், சரிபார்ப்பு என்று என்னவோ உளறினேன். சுவரை என் பொறுப்பில் எழுப்பித் தருகிறேன் என்றேன். அவர் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆக. 10, ஞாயிறு
லேசான தூறல். ஏழு மணிக்கே பாரிவாக்கம். சுவர் எழுப்ப வந்த கொத்தனார், எங்கே நூல் கட்டுவதென்று என்னைக் கேட்டார். காட்டினேன். அக்கா உள்ளேயிருந்து டேப்பை எடுத்துவந்து, தானும் ஒருமுறை அளந்தார்.