விரால் கொண்டுபோன ரப்பர் தவளை

ஆரணி

அன்புள்ள ஜெயக்குமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தறியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க, எனக்குப் பேர் கொடுத்த திருவண்ணாமலை அம்மன் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவளுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா, தறி இருக்கிற கூடத்தில்தான் போன் பேச வேண்டும், அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். தெருவுக்குப் போய்ப் பேசினால் தெருவுக்கு ஏன் போனாய் என்று கேட்பார். இன்றைக்கு அவர் கூலிக்கு நெய்கிற பட்டு நூல் வாங்கிவரக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார், வர நேரமாகும். பக்கத்து வீட்டு சத்யப்ரியா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். அவள் படித்துவிடுவாளோ என்று கவலைப்படாதே, என் கையெழுத்தைப் பார்த்து இது தமிழா ஆன்ட்டி என்று கேட்டவள் அவள்.

காவ்யா போன வாரம் மாப்பிள்ளையோடு வந்துவிட்டுப் போனாள். முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது, பார்க்க நன்றாக இருக்கிறது. மாப்பிள்ளை நல்ல மாதிரி, ஆனால் சாம்பாரில் முருங்கைக்காயை ஒதுக்கிவைக்கிறார், அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மழை இரண்டு நாள் அடித்துப் பெய்தது, சந்தவாசல் போகிற வழியில் இருக்கிற ஏரி நிரம்பியிருக்கிறது. இந்த ஏரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் உனக்கும் எனக்கும் தெரிந்த ஒன்றை ஒருமுறை எழுதிவிடுகிறேன், எழுதாமல் சுற்றிவளைப்பதில் பிரயோஜனம் இல்லை. காவ்யா கல்யாணத்துக்கு நீ வராமல் போனதிலிருந்து அப்பா உன்னோடு பேசவில்லை. விசா பிரச்சினை, வந்தால் திரும்பப் போக முடியாது என்று நீ சொன்னது எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்கும். ஆனால் ஓமத்தில் பொரி போட அண்ணன்காரன் வரட்டும் என்று ஐயர் கூப்பிட்டபோது, உன் இடத்தில் உன் சித்தி மகன் இராஜமாணிக்கம் போய் நின்றான். காவ்யா கையில் அவன் பொரியை அள்ளிப் போட்டதை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் ஒன்றும் சொல்லவில்லை. உன் போன் வந்தால் எழுந்துபோய் ராட்டையில் நாடாவுக்கான தார் நூலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார், சுற்ற வேண்டிய தார் இல்லாத நாளிலும் சுற்றுவார். உன் பெயர் அவர் வாயில் வரவே இல்லை. இவரும் நீயும் இப்படியே இருந்துவிடுவீர்களோ என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே பயம், அவருடைய சர்க்கரை வியாதியெல்லாம் அப்புறம்தான்.

நீ ஊருக்கு வந்த உன் சிநேகிதன் அன்புச்செல்வனிடம் கொடுத்தனுப்பிய தூண்டில் சாமான் வந்த அன்றைக்கே அதைப் பரணில் தூக்கிப்போட்டார் என்று உன்னிடம் நான் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்றார் என்று பொய் சொன்னேன். அதோடு விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், அங்கே ஏரியில் நீ தேடிப்போகிற பாஸ் என்கிற மீனைப் பிடிப்பதில் அப்படி என்ன சுகம் என்று நான் கேட்டதற்கு அரைமணி நேரம் பேசினாயே, நினைவிருக்கிறதா. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒன்றுகூடக் கடிக்காது அம்மா, அது எங்கே படுத்திருக்கும் என்று நாம்தான் யோசிக்க வேண்டும், வெயில் ஏறினால் ஒரு இடம், காற்று திரும்பினால் ஒரு இடம், நேற்றுக் கடித்த இரையை இன்று முகர்ந்துகூடப் பார்க்காது, கடித்தாலும் அவசரப்பட்டு இழுத்தால் போச்சு என்றெல்லாம் சொன்னாய். கடைசியில் பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவோம் என்றாய். நான் போனை வைத்ததும் தறிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "புடிச்சத வுடறதுக்கா அவ்ளோ தூரம் போறான்." அவ்வளவுதான், அப்புறம் தறி நாடா ஓடத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, தார் சுற்றுகிற மனுஷனுக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

பிறகு ஒரு நாள் நான் ரேஷன் கடைக்குப் போய் வருவதற்குள் பரணில் இருந்தது கூடத்துக்கு வந்துவிட்டது. உனக்கு நினைவிருக்கும், அவருக்கு மூங்கில் கழியும் உயிருள்ள தவளையும்தான் பழக்கம். ஏரிக்கரையில் ஒரு தரம் சர்க்கரை இறங்கி மயங்கி உட்கார்ந்ததிலிருந்து தனியாகப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், இப்போது பிஸ்கட் பாக்கெட்டோடு நானும் கூடப் போகிறேன். இந்த வயதில் மீன்பிடிக்கப் போவேன் என்று நான் நினைத்ததில்லை. முதல் நாள் அவர் வீசிய வீச்சில், நீ இரைக்கென்று அனுப்பிய ரப்பர் தவளை தண்ணீருக்குப் போகாமல் சீமைக்கருவேல மரத்துக்குப் போனது. இரண்டாவது வீச்சில் ரீலில் இருந்த நூலெல்லாம் ஒரே சிக்காகிவிட்டது. கரையில் டீக்கடை வைத்திருக்கிற துரை, கத்திரிக்கோல் கொண்டுவரட்டுமா நைனா என்று கேட்டான். இவர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் டீ ஆற்றப் போய்விட்டான். வெயில் தலைக்கு மேலே வரும்வரை உட்கார்ந்து, ஒரு இழை அறுக்காமல் சிக்கெடுத்தார். அன்றைக்கு மீன் பிடிக்க நேரமே இல்லை. ஆனால் வீட்டுக்கு வரும்போது முகம் கொஞ்சம் தெளிவாக இருந்தது.

அப்புறம் தினமும் பார்த்துப் பார்த்து எனக்கே கொஞ்சம் விஷயம் புரிய ஆரம்பித்தது. விரால் மூச்சு வாங்க மேலே வரும், வாய் வைத்த இடத்தில் தண்ணீர் ஒரு வட்டம் போடும், அதைப் பார்த்ததும் நேரே அதன் தலையில் போட்டால் ஓடிவிடும். அது எந்தப் பக்கம் நகரும் என்று யோசித்து, அல்லி இலைகளுக்கு அந்தப் பக்கம் போட்டு, இலைமேல் இழுத்துக்கொண்டு வர வேண்டும். உயிருள்ள தவளையென்றால் தானே உதைத்துக்கொள்ளும், ரப்பர் தவளையை நம் கைதான் குதிக்க வைக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் மீனுக்குச் சந்தேகம் வந்துவிடும், கொஞ்சம் குறைந்தால் அது திரும்பியே பார்க்காது. குஞ்சுகளோடு சுற்றுகிற விரால் பசிக்குக் கடிப்பதில்லை, கோபத்துக்குக் கடிக்கிறது, கிட்டே வந்தது எதுவானாலும் பாயும். குஞ்சு தனியாகிவிடும் என்று இவர் அதன் பக்கம் தூண்டில் போடுவதே கிடையாது. அதை எனக்கு விளக்கிச் சொன்னபோது, நம்ம வீட்டிலும் ஒன்று அப்படித்தான் இருக்கிறது என்றேன். அவர் ரீலைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். நாள் கணக்கில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காத நாளில் மூங்கில் கழியை எடுத்துவிடுவார் என்று பார்த்தேன், எடுக்கவில்லை. நானே ஒருநாள், உயிருள்ள தவளையைப் போட்டால் இந்நேரம் குழம்பு கொதித்திருக்குமே என்றேன். அதில் என்ன இருக்கிறது, பசித்தால் தின்னத்தான் செய்யும், ரப்பரை நம்ப வைக்கிறதில்தான் வேலை இருக்கிறது என்றார். நீ போனில் அரைமணி நேரம் சொன்னதை இவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கடித்தது. நான் நேரில் பார்த்தேன். இலைமேல் தவளை குதித்துக்கொண்டு வருகிறது, திடீரென்று அந்த இலையே இல்லை, தண்ணீர்ப்பானை உடைந்த மாதிரி ஒரு சத்தம். இழுங்க இழுங்க என்று நான்தான் கத்தினேன். அவர் இழுக்கவில்லை. அது தவளையை வாயில் வாங்கித் திரும்புகிற வரைக்கும் அசையாமல் நின்று, அப்புறம்தான் ஒரு சுண்டு சுண்டினார். கழி வில்லாக வளைந்தது. ரீல் கிர்ரென்று கத்துகிறது, துரை டீயை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடிவருகிறான், எனக்குப் பிஸ்கட் பாக்கெட் எங்கே விழுந்தது என்று தெரியாது. அவர் முகத்தை நான் பார்த்தேன் குமாரு. அந்த முகத்தைக் காவ்யா கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. கரைக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார், கறுத்த முதுகு தெரிந்தது, என் முழங்கை நீளம் இருக்கும். அப்போது நூல் சட்டென்று தொய்ந்துபோயிற்று. அறுபட்ட சத்தம்கூட இல்லை. மீனும் இல்லை, தவளையும் இல்லை.

நடந்தது என்னவென்று நான் சொல்கிறேன், அவர் சொல்ல மாட்டார். நீ அனுப்பியதில் ரீலில் சுற்றியது ஒரு பின்னல் நூல், தவளை கட்டுவதற்குக் கண்ணாடி மாதிரி ஒரு நைலான் நரம்பு, இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா. முடிச்சு போட்டால் கழியில் இருக்கிற வளையத்தில் இடிக்கும் என்று இவர் யோசித்திருக்கிறார். தறியில் புதுப் பாவு நூலைப் பழைய பாவு நூலோடு பிணைக்கும்போது, முடிச்சு அச்சுப் பல்லில் மாட்டும் என்று இழை இழையாகச் சாம்பல் தொட்டு முறுக்கித்தானே சேர்க்கிறோம், அதையே செய்துவிட்டார். பிணைக்க வருகிற பெண்கள் சாம்பலைக் கையோடு கொண்டுவருவார்கள், கேஸ் அடுப்பு வைத்திருக்கிற வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவார், சாமி தட்டில் இருந்த விபூதியைத் தொட்டு முறுக்கியிருக்கிறார். அதற்கு மேலே கஞ்சி தடவி, தறிமரத்தில் கட்டிக் காயவைத்திருக்கிறார். விபூதி ஏன் குறைகிறது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். காய்ந்திருக்கிற வரைக்கும் அது இரும்பு மாதிரி நின்றது. பட்டு தறியில் இருக்கும்போது தண்ணீரைப் பார்ப்பதில்லை, தூண்டில் நூல் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கிறது. இத்தனை வருஷம் பாவு பிணைத்த மனுஷனுக்கு இது தோன்றவில்லை. நூல் முனையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார், முறுக்கு பிரிந்து சுருண்டிருந்தது. நான் வீட்டுக்கு வந்து சமையலறையில் தனியாகச் சிரித்தேன், அதுவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

மறுநாள் தூண்டில் இல்லாமல் ஏரிக்குப் போனார். வாயில் குத்திய முள்ளோடு அந்த மீன் என்ன பாடுபடுகிறதோ என்று பார்க்கத்தான். மதகுப் பக்கம் ரப்பர் தவளை மிதந்தது என்று துரை எடுத்து வைத்திருந்தான், மீன் அதை உதறிவிட்டுப் போயிருக்கிறது. அதைத் துடைத்துக் கொண்டுவந்து தறிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறார். நேற்று மத்தியானம் நான் தார் சுற்றிக்கொண்டிருந்தேன், அவர் அந்தத் தவளையைப் பார்த்தபடி யாரிடமோ பேசுகிற மாதிரி, "அந்த ரெண்டு நூலையும் எந்த முடிச்சு போட்டு சேக்கறானோ தெர்ல" என்றார். எனக்குக் கை நின்றுவிட்டது. ஆனாலும் விடுவேனா, எவன் என்று கேட்டேன். நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருமுறை ஓட்டினார். பிறகு "குமாருதான்" என்றார். சொல்லிவிட்டு, அவனிடம் நீ ஒன்றும் கேட்க வேண்டாம் என்று எனக்கு உத்தரவும் போட்டார். நான் கேட்கவில்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். கூப்பிட்டதும் மன்னிப்பு அது இதென்று ஆரம்பித்துவிடாதே, அவர் தார் சுற்றப் போய்விடுவார். விபூதி விஷயம் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. மீனைப் பற்றிப் பேசு. உன் கையிலிருந்து தவறிப்போன மீன் ஒன்றிரண்டு இருக்குமே, அதைச் சொல். முடிச்சை அவர் கேட்டால் நேராகச் சொல், கேட்காவிட்டால் பேச்சோடு பேச்சாகச் சொல். பொரி விஷயம் ஒருநாள் அவரே எடுப்பார், அன்றைக்கு எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொள். படகில் போகும்போது அந்த ஆரஞ்சு மிதவைச் சட்டையைக் கழற்றாதே, உனக்கு நீச்சல் தெரியாது, கற்றுக்கொள்கிற அளவுக்கு நம் ஆற்றில் தண்ணீர் எப்போது ஓடியது. கடைச் சாப்பாட்டைக் குறை, கண் எரிச்சலுக்கு வெந்தயம் ஊறவைத்துக் குடி. எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், நல்ல பேரோடு இருக்க உனக்கு என் ஆசீர்வாதம், அப்பாவின் ஆசீர்வாதத்தையும் நானே சேர்த்து எழுதுகிறேன்.

மறந்துவிடாதே, வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை ஏழு மணிக்குக் கூப்பிடு, உனக்கு அது சனிக்கிழமை ராத்திரி. அப்பா காபி குடித்துவிட்டுத் தறியில் உட்கார்ந்திருப்பார். போன் தவளைக்குக் கீழே இருக்கும். அவர் எடுக்கிற வரைக்கும் அடித்துக்கொண்டே இரு, நான் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
வே. அபிதகுசாம்பாள்