கிணற்று விலாங்கை ஆற்றில் விட்டேன், மாமா

என்னைக் கட்டிக்கொண்ட என் தாய்மாமாவுக்கு,

விடியற்காலைத் தூக்கத்தில் அடிக்கடி வருகிறீர்கள். தோள்வரை நனைந்து, வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்ட, கிணற்றுப் படியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். "துண்டு எடுத்தாரட்டுங்களா?" என்று கேட்கிறேன். நீங்களோ தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். யாரைத் தேடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

அதனால்தான் எழுதுகிறேன். அது இப்போது கிணற்றில் இல்லை, மாமா. பதறாதீர்கள், செத்துப்போகவில்லை. நான்தான் காவேரியில் விட்டுவிட்டேன்.

நமக்குக் கல்யாணமான வருசம் வெட்டிய கிணறு. முதல் ஊற்று பீறிட்டதும், வாய்க்காலில் பென்சில் கனத்துக்கு நெளிந்த விலாங்குக் குஞ்சை ஈரத் துண்டில் சுருட்டிக்கொண்டு வந்து உள்ளே விட்டீர்கள். புதுக் கிணற்றுக்கு விலாங்கு விடுவது நம் பக்கத்து வழக்கம். அடிச்சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும், ஊற்றுக்கண் அடைக்காது என்பார்கள். பொங்கல் சோறு மாட்டுக்கு வைத்த கையோடு அதற்கும் ஓர் உருண்டை போடுவீர்கள். மற்ற கிணறுகளில் விட்ட விலாங்கெல்லாம் செத்துப்போக, நம்முடையது மட்டும் என் முன்கைத் தடிமனுக்கு வளர்ந்து நின்றது. அதில் எனக்குக் கர்வம்தான். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களைக்கூடக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுவேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்து என்ன சொன்னீர்கள்? "நல்லு, விலாங்கப் பாத்துக்கோ." அவ்வளவுதான். மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, என்னைப் பற்றியும் இல்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் தண்ணீரை நான் எப்படிப் பார்த்துக்கொள்வேன்? ஆழ்துளை போடுகிற ரிக்கு வண்டி ஏறாத தோட்டம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. நம் மகன் செல்வராசுவும் போர் போட்டான். கிணறு இந்தச் சித்திரையில் முழங்காலளவுக்கு இறங்கிவிட்டது. அது சோற்றையும் தொடவில்லை. உருண்டை கரைந்து மிதக்க, சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி வந்தது.

உங்கள் பேத்தி தாரணி லீவுக்கு வந்திருந்தாள். "மீனுக்கு ஒரு படிப்பா? கொளம்பு வெக்கச் சொல்லிக் குடுப்பாங்களா?" என்று கேலி செய்தீர்களே, அந்தப் படிப்பைத்தான் படிக்கிறாள். வகுப்பில் அவள்தான் முதல். நம் வீட்டுப் பிள்ளை, வேறெப்படி இருப்பாள்? பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கிவிட்டாள்.

"அப்பத்தா, வவுறு வெள்ளிக் கொலுசாட்டம் மின்னுது. கண்ணும் பெருசாயிருச்சுங்க."

"வயசானாக் கண்ணு மங்கும். எங்காச்சும் பெருசாகுமா கண்ணு?"

"இது வயசில்லீங்க. கடலுக்குப் போறதுக்குக் கெளம்பி நிக்குது."

படியில் உட்கார்ந்து அவள் சொன்னதை எப்படி எழுதுவேன்? விலாங்கு பிறப்பது ஆழக்கடலிலாம். சேமியா மாதிரி, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற உடம்போடு காவேரி வாயில் நுழையுமாம். அணைச் சுவர் ஈரமாக இருந்தால் ஒட்டி ஒட்டி ஏறிவிடுமாம். பல வருசம் நல்ல தண்ணீரில் இருந்து வளர்ந்து, ஒருநாள் உடம்பு வெளுத்து, சாப்பாட்டை விட்டு, பிறந்த கடலுக்கே திரும்பிப் போகுமாம். அங்கே ஒரே ஒருதரம் முட்டை. அதோடு அதன் கதை முடிந்தது. ஆற்றில் முட்டை வைக்காது, கிணற்றிலும் வைக்காது.

"அப்ப இத்தன வருசமா நம்ம கெணத்துல அது என்ன சாமி பண்ணுச்சு?"

அவள் அதன் மூக்கைக் காட்டினாள். கல்லில் உரசி உரசித் தோல் போய் வெளுத்திருந்தது. ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டிருந்தது. அது கிழக்குச் சுவர்தானே, மாமா?

பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுசாமி வந்தான். "அக்கா, எங்க கெணத்துல ஆளு மட்டத்துக்குத் தண்ணி கெடக்குது. அங்க உட்டுருங்க. ஆத்துல உட்டீங்கன்னா எவனாச்சும் பேட்டரி ஒயரப் போட்டுப் புடிச்சு, பொழுது சாயறதுக்குள்ள கொளம்பு கொதிக்கும்."

செல்வராசுவும் அதைத்தான் சொன்னான். அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆறு நீங்கள் பார்த்த ஆறில்லை. சில நாள் சாயத்தண்ணீர் கலந்து ஊதாவாகப் போகிறது. மணல் அள்ளிய குழிகளில் பாசி நாறுகிறது. ஷட்டரை இறக்கிவிட்டால் தடுப்பணைச் சுவர் வெயிலில் காய்ந்து கிடக்கிறது. காய்ந்த சுவரில் குஞ்சு எப்படி ஏறும்? வாய்க்காலில் களை எடுக்கிற பெண்களைக் கேட்டேன். அந்தப் பென்சில் குஞ்சை இப்போது பார்த்ததாக ஒருத்தியும் சொல்லவில்லை.

பொன்னுசாமி கிணற்றில் விட்டால் இன்னும் நெடுநாள் உயிரோடு இருக்கும், உங்களுக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும். மதியம் முழுக்கப் படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் நேரே கிணற்றுக்குள் இறங்கி, தண்ணீர், கல், அதன் வெள்ளை வயிறு எல்லாம் ஒன்றாக அசைந்தன. நானும் உள்ளே மிதக்கிற மாதிரி இருந்தது. பார்த்துக்கொள்வது என்றால் என்ன, மாமா? வைத்துக்கொள்வதுதானா?

"கடலுக்கே தாட்டி உட்டரலாங் கண்ணு" என்றேன் பேத்தியிடம்.

"வெள்ளம் வரட்டுங்க அப்பத்தா. ஷட்டரத் தூக்கீட்டா வழி தொறந்துக்கும். தண்ணி அந்தப் போக்குப் போறப்ப எவனும் ஒயரு போட முடியாது."

அதுவரை போர்த் தண்ணீரைக் கிணற்றுக்குள் திருப்பிவிட்டேன். "கரும்பு காயுதும்மா" என்று செல்வராசு முனகினான். "காயட்டும் போடா" என்றேன்.

ஆடியில் மேட்டூரிலிருந்து தண்ணீர் வந்தது. செல்வராசுவே கூடையோடு இறங்கினான். இரண்டு தரம் அது அவன் கையிலிருந்து வழுக்க, இவன் சேற்றில் மல்லாந்தான். "அப்பாருக்குத்தான் அடங்குச்சு, உங்களுக்கு அடங்குமா?" என்று உங்களைச் சொல்லி மேலிருந்து தாரணி சிரித்தாள். எப்படியோ நீல டிரம்மில் ஏற்றி, தடுப்பணைக்குக் கீழே கொண்டுபோனோம்.

படித்துறையில் பெண்கள் பூசைத் தட்டோடு நின்றார்கள். "அதென்னங்க்கா, பாம்பா?" என்று ஒருத்தி பின்வாங்கினாள்.

"எங்க ஊட்டுப் புள்ளைங்க. கடலுக்குத் தாட்டி உடறேன்."

டிரம்மைச் சாய்த்தோம். ஒரு நொடி என் காலைச் சுற்றிக்கொண்டு நின்றது. கணுக்காலில் அந்த வழவழப்பு இன்னும் இருக்கிறது. பிறகு செந்தண்ணீருக்குள் ஒரு வெள்ளிக் கோடு, அப்புறம் அதுவும் இல்லை. அந்தப் பெண் தன் தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்து அதன் பின்னாலேயே விட்டாள்.

கல்லணை தாண்டியிருக்குமா? எந்த மடையில் சிக்கியிருக்கும்? "போயிருக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. ஆனா போலாம்" என்கிறாள் உங்கள் பேத்தி. அந்தப் 'போலாம்' எனக்குப் போதும்.

இன்னொன்றும் சொன்னாள். தடுப்பணைச் சுவரில் தேங்காய்நார்க் கயிறுகளைத் தொங்கவிட்டு, மேலிருந்து தண்ணீர் கசியவிட்டால், குஞ்சுகள் அதைப் பிடித்து ஏறிவிடுமாம். அனுமதி கேட்டு அலைகிறாள். கிடைக்கிற அன்றைக்குக் கயிறு தயாராக இருக்கும், மாமா. நார் ஊறப்போட்டுவிட்டேன், என் கையாலேயே திரிப்பேன். நம் கிணற்று விலாங்கின் குஞ்சு என்றைக்காவது இந்தப் பக்கம் வந்தால், காய்ந்த சுவரைப் பார்த்து நிற்காது. இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இனிமேல் கனவில் வந்தால் கிணற்றுப் படியில் உட்கார்ந்து தேடாதீர்கள். ஆற்றோடு போய்ப் பாருங்கள். நான் இன்னும் பார்க்காத அந்தக் கடலைப் பார்த்துவிட்டு, உப்பு வாசத்தோடு வாருங்கள். துண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் அக்கா மகளாகப் பிறந்து உங்கள் வீட்டுக்கே வந்த,
நல்லு