விசேஷம் இல்லை என்று முடித்த கடிதங்கள்

அன்புள்ள ஜுலைகாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் அக்கா தையல்நாயகி எழுதிக்கொள்வது.

பார்த்தாயா, எத்தனை வருசம் ஆனாலும் அந்த சலாம் என் கையில் பிசகவே இல்லை. கீழ்வேளூர்ப் பக்கம் அஞ்சாங்கிளாஸ் படித்த எத்தனை பேர் அதைப் பிழையில்லாமல் எழுதுவார்கள் என்று கேட்டுப் பார்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு ஒரு குறுவையும் ஒரு சம்பாவும் அறுத்தாகிவிட்டது. இன்றைக்கு உள்ள நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீயாக இருந்தால் கடைசியில்தான் சொல்வாய். நான் ஏன் முன்னால் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

காலையில் பால் திரியவில்லை. மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலை நூல் போட்டுக் கட்டினேன், அது இன்னும் நிற்கிறது. மதகடி ஸ்டாப்புக்கு நான் ஓடி வருவதைப் பார்த்துவிட்டு டிரைவர் பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தார். "மெதுவா வாங்க, வண்டி எங்கயும் ஓடிடாது" என்று வேறு சொன்னார். கொல்லையில் வைத்த முருங்கைப் போத்து துளிர்த்துவிட்டது. இவ்வளவும் ஒரே நாளில்.

என் பேத்தி, நர்சிங் படிக்கிறாளே, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லுங்க அப்பாயி, நான் போன்ல அடிச்சுத் தர்றேன். அஞ்சு நிமிசத்துல முடிச்சிடலாம்" என்றாள். "அஞ்சு நிமிசத்துல முடிக்கிற கடுதாசி இல்லடி இது, தள்ளிக்க" என்றேன். எழுதி முடித்தால் பத்திரிகைக்கு அனுப்புவதாகச் சொல்கிறாள். அனுப்பட்டும். உனக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் என்ற பெருமையை ஊருக்கு முன்னால் வாங்கிக்கொண்டவள் நான். இதையும் ஊருக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

நினைவிருக்கிறதா உனக்கு? உன் வீட்டுக்காரர் காசிம் அண்ணன் ரியாத்தில் இருந்த காலம். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்த கையோடு நீ நீலக் கவரைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாய். வெளிநாட்டுக்கு அனுப்புகிற கவர், பிரித்தால் தாள், மடித்து ஒட்டினால் உறை. அடுத்த வீடுதானே, உன் அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்து, முறத்தைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து எழுதுவேன். அசர் பாங்குக்குள் முடித்தாக வேண்டும், எனக்கு மாடு கறக்கிற நேரம்.

"மச்சானுக்கு எழுது" என்று ஆரம்பிப்பாய். உன் மாமியாருக்கு இருமல், வீட்டுக்கு ஓடு மாற்றியது, மகள் நூருவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது எல்லாம் சொல்வாய். எழுதுவேன். அதற்குப் பிறகு உன் குரல் மாறும். "இனிமே சுக்ரு எழுது அக்கா" என்பாய். அந்த வாரம் அல்லாஹ் கொடுத்த சின்னச் சின்ன நல்லதையெல்லாம் சொல்லி நன்றி செலுத்துவது உன் வழக்கம். அடிகுழாய் ஒரே அடியில் தண்ணீர் கொடுத்தது. மழைக்கு முன்னால் வரட்டியை உள்ளே அடுக்கிவிட்டேன். வாத்து குஞ்சு பொரித்தது. நாகப்பட்டினம் வரைக்கும் ஜன்னல் ஓரம் கிடைத்தது. நீ விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டே போவாய்.

நான் எழுதவில்லை, ஜுலைகா.

பேனா தாளுக்கு மேலே ஓடும், தாளைத் தொடாது. நீ சொல்லி முடித்ததும், "மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை" என்று ஒரே வரி போடுவேன். என் எழுத்து மொச்சைக்கொட்டை அளவு, கவரில் இடம் பத்தாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவா? கடிதம் என்றால் விசயம் இருக்க வேண்டும், ரியாத்தில் நாலு பேர் பார்த்து 'யார் எழுதினது, நல்லா எழுதியிருக்காங்களே' என்று கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அடிகுழாயையும் வரட்டியையும் எழுதினால் எழுதினவளைத்தானே சிரிப்பார்கள்?

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. "படிச்சுக் காட்டு" என்பாய். படித்துக் காட்டுவேன். எழுதாததையும் சேர்த்து, நீ சொன்ன வரிசை மாறாமல், தாளைப் பார்த்தபடியே படிப்பேன். நீ கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் பேனாவை வாங்குவாய். கடைசி வரியின் முடிவில் ஒரு புள்ளி வைப்பாய். உன் கை எழுதியது அது ஒன்றுதான். கடப்பாரை பிடிக்கிற மாதிரி பிடித்து நீ அழுத்துகிற அழுத்தில் தாள் மறுபக்கம் புடைத்துவிடும். "கவரு கிழியப் போவுதுடி" என்பேன். "கிழியட்டும், நான் வச்சதுன்னு மச்சானுக்குத் தெரியணும்ல?" என்பாய்.

அவரிடமிருந்து பதில் வரும். அதையும் நான்தான் படிப்பேன். "வாத்துக் குஞ்சு பத்தி ஒண்ணும் கேக்கலையா?" என்றாய் ஒருமுறை. "அங்க வேலை ஜாஸ்தியா இருக்கும்" என்றேன். இன்னொரு தடவை, "ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது" என்று நீயே சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே போனாய். அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம். பிறகு போன் வந்தது, கடிதம் நின்றது. அவர் ஊரோடு வந்த பிறகு நீ கேட்பாய் என்று பயந்தேன். நீ கேட்கவில்லை. கேட்டால் குத்திக்காட்டியது போல ஆகிவிடும் என்று விட்டுவிட்டாய் போல. அதற்கு நான் மனசுக்குள் உனக்கு நன்றி சொன்னேன். எதற்கெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறேன் பார்.

போன மாதம், நடவு முடிந்த வாரம், காசிம் அண்ணன் நூருவின் கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். சர்க்கரை அவர் கண்ணைக் கொண்டுபோய்விட்டது, வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. இன்னொரு கையில் பிஸ்கட் டின். உள்ளே உன் கடிதங்கள்.

"நான் படிக்கிறேன்னு சொன்னேன் பெரியம்மா, அத்தா ஒத்துக்க மாட்டேங்குறாங்க" என்றாள் நூரு. "உனக்குப் படிக்கத் தெரியும், உங்க அம்மா சொன்ன மாதிரி படிக்கத் தெரியாதுங்குறாங்க. நீங்களாச்சு, அவங்களாச்சு. உலை கொதிக்குது, நான் போறேன்" என்று அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"சொல்லுங்கண்ணே" என்றேன்.

"ஒருதரம் படி தங்கச்சி, நிதானமா. அங்க நான் அவசரத்துல எதையாவது விட்டிருப்பேன்."

மூன்று கடிதம் படித்தேன். இருமல், ஓடு, பள்ளிக்கூடம். மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். மூன்றாவதுக்கு "ம்" வரவில்லை.

"அவ எப்பேர்ப்பட்ட வாயாடின்னு உனக்கே தெரியும்" என்றார். "கவரோட மடிப்பைக்கூடப் பிரிச்சுப் பிரிச்சுப் பாப்பேன், எங்கயாவது ஒரு வரி இருக்காதான்னு. ஊரு பூரா பேசுறவளுக்கு என்கிட்டச் சொல்ல மட்டும் ஒண்ணும் இல்லாமப் போச்சா? ஊருக்கு வந்தப்புறம் அவகிட்டக் கேக்கவும் பயமா இருந்துச்சு. நான் இல்லாம இங்க அவ சந்தோசமா ஒரு நாளாவது இருந்தாளான்னே எனக்குத் தெரியலையேம்மா."

நான் நாலாவது கடிதத்தை எடுத்தேன். என் வாய் பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது. "நேத்து வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்தது. நூரு இறங்கிக் குளித்தாள். ஒரு செருப்பைத் தண்ணீரோடு விட்டுவிட்டாள். கீழத்தெரு மடையில் நாற்று அலசிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பிடித்து வைத்திருந்து சாயந்திரம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்" என்று படித்தேன். நீ சொன்னதுதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை. தாளில்தான் இல்லை.

அவர் முதலில் சிரித்தார். அப்புறம் முகம் சுண்டிப்போய்விட்டது.

"இது இருந்துச்சா? இதைப் படிக்காமயா விட்டேன்? அவ இவ்வளவும் சொல்லியிருக்கா, ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கலையே நான். என்ன மனுசன் தங்கச்சி நான்?" கையை நீட்டினார். "எங்க, அந்த வரியில என் விரலை வை."

ஏதாவது ஒரு வரியில் வைத்திருக்கலாம். அவருக்குத் தெரியவா போகிறது? அவர் நிம்மதியாகப் போவார், என் பேரும் தப்பிக்கும். அவர் விரலைப் பிடித்துத் தாளில் வைத்தும்விட்டேன். அது தானாக நகர்ந்தது. கடைசி வரி வரைக்கும் போய் நின்றது.

"இது என்ன, குழியா இருக்கு?"

"அது ஜுலைகா வச்ச புள்ளி."

அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். உன் புள்ளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். பேனா காற்றில் ஓடியது, நீ கண்ணை மூடிக் கேட்டது, வாத்துக் குஞ்சைப் பற்றிக் கேட்டது, ஒன்று விடாமல்.

"நீங்க எதையும் விடலைண்ணே. அவளும் விடலை. நடுவுல இருந்தவதான் விட்டுட்டேன்."

அவர் கடிதத்தைத் தடவித் தடவிப் பழைய மடிப்பில் மடித்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போயிருந்தால் நான் என்ன சொல்லியிருக்க முடியும்?

"கள்ளி" என்றார் கடைசியில். "பெருமைக்காரக் கள்ளி. உன் எழுத்தை நாலு பேருகிட்டக் காட்டினேன்தான். முத்து மாதிரி இருக்குன்னுதான் சொன்னானுவ." அப்புறம் அவர் பங்குக்கு ஒன்று சொன்னார். "ரூம்ல எட்டுப் பேரு. வெள்ளிக்கிழமை அவனவன் வீட்டுக் கடுதாசியப் படிச்சுக் காட்டுவான். என் முறை வந்தா என்னத்தப் படிக்கிறது? நானே இட்டுக்கட்டுவேன். முருங்கை பூத்துருச்சாம், மகளுக்கு முன்பல்லு விழுந்துருச்சாம்னு."

"பல்லு நெசமாவே விழுந்துச்சுண்ணே. கூரை மேல எறிஞ்சா. எறிஞ்சதையும் சொன்னா, நான்தான் எழுதலை."

"அப்ப நான் பொய் சொல்லலையா?"

"நான்தான் சொன்னேன்."

அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் நூரு கையில் கரண்டியோடு ஓடிவந்துவிட்டாள்.

"சொல்லு" என்றார். "வேற என்ன சொன்னா?" சொன்னேன். அடிகுழாய், வரட்டி, ஜன்னல் ஓரம். அப்புறம், எழுதக் கூச்சப்பட்டு நான் விட்ட ஒன்று. அவர் விட்டுப்போன சட்டையை நீ மாசத்துக்கு ஒருதரம் துவைத்துக் காயப்போடுவாய். "கொடியில காத்து அடிச்சா மச்சான் நிக்கிற மாதிரியே இருக்குது. இந்த வாரம் நல்ல காத்து. இதையும் போடு அக்கா" என்றாய். புருசன் பெண்டாட்டிக்குள் உள்ளதை நான் ஏன் எழுத வேண்டும் என்று விட்டேன். யார் கடிதம் அது? என்னுடையதா?

"எந்தச் சட்டை?" என்றார்.

"நீலக்கோடு."

"ஆமா. காலர் நைஞ்சுபோச்சுன்னு விட்டுட்டுப் போனேன்" என்றார். விரலால் தன் காலரைத் தடவிப் பார்த்தார். நூரு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ தொழுகை முடித்து டின்னோடு வருகிறார். வாரம் ஒரு கடிதம். கவரை விரித்தால் பசை ஒட்டும் ஓரத்துக்குப் பக்கத்தில் மூன்று விரல் அகலம் வெறுமையாகக் கிடக்கிறது. இடம் இல்லை என்றேனே, இடம் இருந்திருக்கிறது. அதில் எழுதுகிறேன், அந்தச் சமயத்தில் நீ சொன்னது எது நினைவிருக்கிறதோ அதை. அழுத்தி எழுதச் சொல்கிறார், அவர் விரலுக்குத் தட்டுப்பட வேண்டுமாம். உன்னைப் போலக் கடப்பாரைப் பிடிதான் பிடிக்கிறேன். போன வாரம் செருப்புக் கதையின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஆங், இருக்கு" என்றார்.

டின்னில் இன்னும் கால்வாசிகூட முடியவில்லை. முடிக்காமல் உன் பக்கம் வர மாட்டேன், இது சத்தியம். நினைவு வராத வாரத்துக்கு இட்டுக்கட்ட மாட்டேன். அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். நான் தொலைத்தது அவ்வளவு என்று அதுவும் அவருக்குத் தெரியட்டும்.

என் வீட்டு நல்லதை இனிமேல் ஒன்று விடாமல் எழுதுவேன். இதோ, இதை எழுதும்போதே சேர்கிறது: மடையில் தண்ணீர் சத்தம் கேட்கிறது. பேத்தி என் எழுத்தில் ஒரு பிழை கண்டுபிடித்தாள், ஒன்றே ஒன்று. உன் வீட்டுக் கொடியில் நூரு அத்தாவின் சட்டையைக் காயப்போட்டிருக்கிறாள். நல்ல காற்று.

விசேஷம் நிறைய இருக்கிறது, ஜுலைகா. எல்லாம் எழுதியாகிவிட்டது, தாளில்தான் இருக்கிறது. கடைசிப் புள்ளியை மட்டும் வைக்கவில்லை. அது நீ வைப்பது

இப்படிக்கு,
உனக்குக் கையாக இருந்த அக்கா
தையல்நாயகி