நெடுந்தீவில் சொன்ன சொல்

நவம்பர் 14, செவ்வாய்

மழை விடவில்லை. லக்ஷனும் கயல்விழியும் மெல்பேணிலிருந்து வந்து இன்றோடு நாலு நாள். ஊரெல்லாம் பிள்ளைகள் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும். என் மகன் மட்டும் கொட்டுகிற மாரிக்குள் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு வருவான். இப்போதுதான் லீவு கிடைத்ததாம்.

மருமகள் மதுரைப் பிள்ளை. வயிற்றில் இது மூன்றாம் மாதம். நேரில் இப்போதுதான் பார்க்கிறேன். என்னை 'அத்தை' என்கிறாள். "எங்கடை ஊரிலை மாமி எண்டுதான் சொல்லுறது" என்று இரண்டு தரம் திருத்திவிட்டேன். முப்பது வருசம் தமிழ் படிப்பித்த வாய், சும்மா கிடக்குமா? மத்தியானம் எனக்குச் சோறு போட்டாள். "காணும், காணும்" என்றேன். "எதைக் காணோம் அத்தை?" என்று மேசைக்குக் கீழே குனிந்து தேடினாள். போதும் என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வது என்று லக்ஷன் சொல்ல, தன் தலையில் தானே குட்டிக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பேறுக்கு என்னைத்தான் வரச் சொல்கிறாள். "ஏப்ரல்லயே வந்துடுங்க அத்தை. நீங்க பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்." பார்ப்பம் என்றேன். மனதுக்குள் அப்போதே பெட்டி அடுக்கியாயிற்று.

நவம்பர் 15, புதன்

சாவகச்சேரியில் நாலு சின்னப் பருத்திச் சட்டை வாங்கினேன். பிறக்க முதல் வாங்கக் கூடாது. அலுமாரியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

நெடுந்தீவுக்குப் போகவேண்டுமாம். கயல் போனில் அங்குள்ள குதிரைகளைப் பார்த்துவிட்டாள். இந்தக் கடலில், இந்த உடம்போடு! டொக்டர் பயமில்லை என்றாராம். என் மனுசன் பரமலிங்கம், "போட்டு வரட்டுமன், நாங்களும் போவம்" என்கிறார்.

நவம்பர் 17, வெள்ளி. நெடுந்தீவு

குறிகட்டுவானில் கடல் கொஞ்சம் அடங்கியிருந்தது. படகில் எங்கள் நாலு பேரையும் தவிர எல்லாரும் தீவு ஆட்கள், அரிசி மூட்டைகள், காஸ் சிலிண்டர்கள். கயல் குமட்டிச் சத்தி எடுப்பாள் என்று பை கொண்டு போனேன். எடுத்தது நான்.

தங்குமிடத்தில் வேறு ஒருவரும் இல்லை. அதை நடத்துகிற கொலின்ஸ், "மாரியிலை இஞ்சை ஆர் அம்மா வருவினம்? குதிரையளும் நாங்களும்தான்" என்று சிரித்தார்.

குதிரைகள் உண்மையாகவே வடிவு. வெயில் காலத்தில் எலும்பும் தோலுமாக நிற்பவை, இப்போது புல் தின்று மினுங்குகின்றன. கயல் நனைந்துகொண்டு பார்த்தபடியே நின்றாள்.

இடிந்த கோட்டைக்குள் போகும்போது மழை இறுகிவிட்டது. கையில் ஒரு குடைதான். லக்ஷன் அதை அவளுக்குப் பிடித்தான். இவர் சுவரோடு ஒதுங்கிவிட்டார். நான் நனைந்தேன். பிள்ளைத்தாய்ச்சிக்குத்தான் குடை பிடிக்க வேண்டும், எனக்குத் தெரியாதா? தெரிந்தும் எரிந்தது.

பிறகு லக்ஷன் படம் எடுக்க மற்றப் பக்கம் போனான். கயல் என் கையைப் பிடித்துக் குடைக்குள் இழுத்தாள். "பாப்பாவுக்கு நீங்கதான் தமிழ் சொல்லித் தரணும் அத்தை. உங்க பேச்சு எனக்கே பாதி புரியல."

"நீர் வளர்க்கிற பிள்ளைக்கு ஒண்டும் விளங்காது" என்றேன்.

முகம் சுண்டிப் போயிற்று. குடையை என் கையில் தந்துவிட்டு மழைக்குள் இறங்கி நடந்தாள். பிள்ளைக்குத் தமிழ் புரியாமல் போகும் என்றுதானே சொன்னேன்? அதற்கு இவ்வளவு ரோசமா?

நவம்பர் 18, சனி

காற்று. படகு இல்லை. கயல் அறையை விட்டு வரவில்லை. கொலின்ஸ் வீட்டு மீன் சொதி கோப்பையிலேயே ஆறிப்போனது. "களைப்பாம் அம்மா" என்கிறான் லக்ஷன். அவனுக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நான் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். இரண்டு அடிதான்.

நவம்பர் 19, ஞாயிறு

கரைக்கு வந்தோம். படகில் எனக்கு எதிரே இருந்தாள், வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு. நாளைக்கே மதுரைக்குப் போகிறார்களாம். மாத முடிவு வரை நிற்க வந்தவர்கள்.

டிசம்பர் 22, வெள்ளி

லக்ஷன் போன் எடுத்தான். "அம்மா, பேறுக்குக் கயலின்ரை அம்மா வாறா. நீங்கள் மினக்கெட வேண்டாம்."

நல்லது என்றேன். நல்லதாம்!

ஜனவரி 23, செவ்வாய்

பின்னேரம் டிவியில் இந்திய நாடகம் போய்க்கொண்டிருந்தது. நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். நாடகத்து மாமியார் மருமகளைப் பார்த்துக் கத்துகிறாள்: "நீயும் உன் புள்ளையும் வெளங்கவே மாட்டீங்க!"

கை நின்றுவிட்டது. நாடகங்களில் எத்தனை தரம் கேட்ட சொல்! அங்கே அது உருப்படாமல் போ என்கிற சாபம். வயிற்றுப் பிள்ளையை நான் சபித்ததாக அவள் நினைத்திருக்கிறாள். ஐயோ, நான் என்ன செய்தேன்?

இவரிடம் சொன்னேன். "உதிலை என்ன? சொல்லுப் பிழைதானே. எடுத்துச் சொல்லும், முடிஞ்சுது" என்றார்.

சொல்லுப் பிழைதானா? அவளின்ரை முகம் மாறினதை நான் கண்டனான். என்ன பிள்ளை எண்டு ஒருக்காக் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே முடிஞ்சிருக்கும். கேக்கேல்லை. நோகட்டும் எண்டு நிண்டனான். ஓம், அப்பிடித்தான் நிண்டனான். இதை இவருக்குக்கூடச் சொல்லேல்லை. அவளுக்கு எப்பிடிச் சொல்லுறது?

பெப்ரவரி 11, ஞாயிறு

போனில் கயல். மெல்பேணில் வெயிலாம். இங்கே பனி என்றேன். வைத்துவிட்டோம்.

மே 24, வெள்ளி

பெண் பிள்ளை. மூன்று கிலோ. இரண்டு பேரும் சுகம். முருகா!

லக்ஷன் அனுப்பிய படத்தில் பிள்ளையை மடியில் வைத்திருப்பது கயலின் அம்மா. பிள்ளையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

பிள்ளை பிறந்து இன்று முப்பத்தொன்றாம் நாள். வீடியோவில் கயல் மட்டும் இருந்தாள், லக்ஷன் கடைக்குப் போயிருந்தான். விட்டால் இனி வராது என்று தொடங்கிவிட்டேன். கோட்டை, மழை, விளங்காது என்றால் எங்கள் ஊரில் புரியாது என்பது, எல்லாம் மூச்சு விடாமல்.

பிறகு சொன்னாள்: "அது எனக்கு டிசம்பர்லயே தெரியும். லக்ஷன் என்கிட்ட புரியுதும்பார், உங்ககிட்ட பேசினா விளங்குதும்பார். கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். ஆனா அன்னைக்கு நான் உங்க முகத்தையும் பார்த்தேன்ல?"

"பிழை என்னிலைதான் பிள்ளை. எனக்கு அந்தக் குடையிலை ஒரு எரிச்சல்... நோகட்டும் எண்டு... நான்..."

"காணும், மாமி."

கோபமாகச் சொல்லவில்லை. திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. போனைத் திருப்பி, நித்திரை கொள்கிற பிள்ளையைக் காட்டினாள். கன்னம் இரண்டும் உப்பி, நன்றாக வளர்ந்துவிட்டது.

அலுமாரியைத் திறந்து அந்த நாலு சட்டையையும் எடுத்துப் பார்த்தேன். இனி அவை பிள்ளைக்குக் காணாது.