புட்டியில் அடங்காத மழை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். இங்கே எங்களுக்குச் சுகம்தான். உன் மாமாவுக்கு மூட்டு வலி விட்டபாடில்லை. மருந்து சாப்பிடச் சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. புத்தாண்டு பிறந்து மூன்று நாளாகிறது. போனில் சொல்லத் தைரியம் வராமல் இதை எழுத உட்கார்ந்தேன்.

வருட அறிக்கைக்காக மழைப் பதிவேடுகளைப் புரட்டினேன். நீரேற்று நிலையத்துக்கு நான் வேலைக்கு வந்து இருபத்தாறு வருடம். அப்போதெல்லாம் மழை நாள் எண்பதுக்குக் குறையாது. நசநசவென்று பெய்யும், துணி காயாது, திட்டிக்கொண்டே இருப்போம். போன வருடம் முப்பத்தொரு நாள்தான். மொத்த அளவு மட்டும் ஏறக்குறைய அதே. ஏழு மாதம் ஏரி வெடித்துக் கிடந்தது. நாரைகள் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அன்றைக்கே போய்விட்டன. நாணல் இருந்த இடமெல்லாம் முள்செடி. பிறகு ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. பழைய கரை உடைந்தது அந்த மழையில்தான். உயிர்ச்சேதம் இல்லாமல் போனது நம் அதிர்ஷ்டம்.

அந்த நாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, புட்டியில் சேர்ந்த தண்ணீரை அளந்து எழுதுவது என் வேலை. அது இருநூறு மில்லிமீட்டருக்கு மேல் கொள்ளாது. பெருமழை என்றால் இடையில் ஒருமுறை போய் அளந்து காலி செய்ய வேண்டும். மழைக்குப் பயந்து நான் போகவில்லை. மறுநாள் திறந்தால் புட்டி நிரம்பி வழிந்திருந்தது. வழிந்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மேலதிகாரி போனில் கேட்டார். "சரியா இருநூறு சார்" என்றேன். "உங்க அளவு எப்பவும் தப்பாதும்மா" என்றார். புட்டி வழிந்ததை அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. கெட்டிக்காரி என்ற பெயரை விட மனசு வரவில்லை.

கொல்லையில் வெறுமையாக நின்ற டிரம்மில் அன்று ஒன்றரைச் சாண் தண்ணீர் இருந்தது. மாமா அளவுகோல் வைத்துப் பார்த்தார். முந்நூற்று நாற்பது.

போன வாரம் நீ பேசியபோது, நீ கட்டும் புதுக் கரையின் உயரத்தை அந்த இருநூறை நம்பித்தான் முடிவு செய்ததாகச் சொன்னாய். "அக்கா எழுதினதாச்சே, ரெண்டாவது தடவை பார்க்கக்கூட இல்ல" என்று சிரித்தாய். கரைக்குக் கீழே நாற்பது வீடு. மூன்றாவது வீட்டுக்குத்தான் என் மகள் குடிபோயிருக்கிறாள். குழந்தை இப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கிறது. அவர்களுக்காகத்தான் எழுதுகிறாயா என்று நீ கேட்டால், ஆமாம், அவர்களுக்காகவும்தான்.

பதிவேட்டில் அந்த எண்ணை அடித்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு இன்று காலை மேலே அனுப்பிவிட்டேன். வேலை போனால் போகட்டும். நீயும் கரை வேலையை நிறுத்தி, உயரத்தை மறுபடி பார். வரைபடத்தில் கையெழுத்தாகிவிட்டதே, இப்போது தப்பு என்று சொன்னால் நம்மை என்ன நினைப்பார்கள் என்று யோசிக்காதே. நான் அப்படி யோசித்து வந்த வினைதான் இது.

என்மேல் கோபம் வரும். வரட்டும். முதலில் கரையை உயர்த்து. அப்புறம் வந்து ஆசை தீரத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வருடம் உன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். கரைக்குக் கீழே இருப்பவர்களும்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அக்கா