உன் கை பட்ட பிறகு

சிங்கப்பூர், 1961

அன்புக் கனகத்துக்கு,

ஃபேரர் பார்க் வீட்டுக் கொல்லையில் குழி தயார். களிமண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு மணலும் மக்கிய சாணியும் தேக்கா மார்க்கெட்டில் கெஞ்சி வாங்கிய மீன் குடலும் போட்டு மூடியிருக்கிறேன். தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுகிறது. உனக்குத் தொண்டையில் இறங்குவது திராட்சை ஒன்றுதான் என்றால் நான் வேறு என்ன செய்ய?

நடுவதற்கு முன் உன் கை படட்டும் என்று நேற்று திராட்சைக் குச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். நர்ஸ் மறித்துவிட்டாள். "செடிகொடியெல்லாம் வார்டுக்குள்ள விடமாட்டாங்க லா, அண்ணே. இந்த வாரம் நீங்களும் பார்க்க முடியாது," என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

காய்க்க மூன்று வருஷம் ஆகுமாம். டாக்டரிடம் சொன்னேன். மனிதர் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். திராட்சையைப் பற்றி அவருக்கென்ன தெரியும்!

நான் நட்டது எது தழைத்திருக்கிறது? முருங்கைகூடப் பட்டுப்போனது. வீட்டில் பச்சையாக நிற்பதெல்லாம் உன் கைராசி. அதனால், படிக்கக் களைப்பாக இருந்தாலும், இந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்து நர்ஸிடம் கொடுத்தனுப்பு. குச்சியின் அடியில் இதைச் சுற்றித்தான் நடுவேன்.

ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்கிறேன்.

உன் வீட்டுக்காரன்